தோட்டக்காரர் கேட்ட ஓராண்டு

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு மறையுரை
நற்செய்தி வாசகம்: லூக்கா 13:1-9



இன்றைய நற்செய்தியில் வருகிற அத்திமரம் மூன்று ஆண்டுகளாகக் காய்க்கவில்லை. நிலத்துக்காரர் வருகிறார், கிளை கிளையாகத் தேடுகிறார், வெறுங்கையோடு திரும்புகிறார். கடைசியில் வெட்டச் சொல்லிவிடுகிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காய்க்காத மரமும் மண்ணின் சத்தை இழுத்துக்கொண்டுதானே நிற்கிறது? தோட்டக்காரர் அந்தக் கணக்கை மறுக்கவில்லை. இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். கேட்ட கையோடு, அந்த ஓராண்டில் தன் வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறார். சுற்றிலும் மண்ணைக் கிளறப் போகிறார், எரு இடப் போகிறார். இரண்டும் முதுகு வளைந்து செய்கிற வேலைகள்.

கடவுளின் பொறுமை பற்றிய உவமை என்றே இதைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். அது சரிதான். ஆனால் அந்தப் பொறுமையின் கையில் ஒரு மண்வெட்டி இருக்கிறது. நாம் அதைக் கவனிப்பதில்லை. இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

திருப்பலி முடிந்து வெளியே வரும்போது உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். “ஃபாதர், வண்டி ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு. குடுத்துடலாமா, இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கலாமா?” இது சாதாரணக் கேள்வி இல்லை. கடன் வாங்கி வாங்கிய கார் அது. அம்மாவை வேலூர் சி.எம்.சி.க்கு அழைத்துப் போனதும், மகள் பிரசவத்துக்கு நடுராத்திரியில் ஓடியதும் அந்தக் காரில்தான். பட்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு சென்னைக்கும் திருப்பதிக்கும் போய் வந்ததும் அதில்தான். அதை என்ன செய்வது என்று முடிவெடுப்பதில் குடும்பத்தின் பணமும் இருக்கிறது, மனசாட்சியும் இருக்கிறது. மனசாட்சி இருக்கிற இடத்தில் மறையுரைக்கும் வேலை உண்டு.

நம் மாவட்டத்திலேயே பிறந்த ஒரு காரை எடுத்துக்கொள்வோம். வாலாஜாபாத் சாலை வழியாக இங்கிருந்து ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற பிள்ளைகள் நம் பங்கில் உண்டு. அந்த ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை 2010-இல் திறக்கப்பட்டது. 2012-இல் அங்கிருந்து டஸ்டர் வந்தது. 2014-இல் அதே டஸ்டர் ஆல் வீல் டிரைவாகவும் வந்தது. 1.5 லிட்டர் டீசல் எஞ்சின், ஆறு கியர், நான்கு சக்கரமும் இழுக்கும். 2020-இல் பி.எஸ். 6 விதி வந்தபோது டீசலும் ஆல் வீல் டிரைவும் நின்றுபோயின. 2022-இல் அந்தத் தலைமுறை டஸ்டரின் தயாரிப்பே முடிந்தது. ஆகவே இன்று தெருவில் ஓடுகிற ஆல் வீல் டஸ்டர் ஒவ்வொன்றுக்கும் வயதாகிவிட்டது. அதன் கதவைப் பொருத்தியவரோ, கீழே படுத்து நட்டு முறுக்கியவரோ இந்தப் பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கக்கூடும். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பத்து ஆண்டு ஆகிவிட்டது என்பதற்காக ஒரு பொருளைத் தூக்கி எறியும்போது, அதற்குள் இருக்கிற மனித உழைப்பையும் சேர்த்துத்தான் எறிகிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில், எதையும் பயன்படுத்தி வீசிவிடுகிற பழக்கம் பொருளோடு நிற்காமல் மனிதர்களையும் ஒதுக்கித் தள்ளுகிறது என்று வருந்தினார்.

இந்த ஊருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கிறவர்கள் ஒரு பாவு முடிந்தால் தறியைப் பிரித்துப் போடுவதில்லை. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். பொறுமையாக உட்கார்ந்து பிணைத்தபின் அதே பன்னை, அதே விழுது வழியாகப் புதுச் சேலை வருகிறது. பழைய காரைப் புதுப்பிப்பதும் இந்த மாதிரி வேலைதான்: எது தேய்ந்ததோ அது மட்டும் மாற வேண்டும், எது நன்றாக இருக்கிறதோ அது அதன் இடத்திலேயே நிற்க வேண்டும்.

சரி, மண்வெட்டிக்கு வருவோம். எங்கே கொத்துவது?

ஆல் வீல் டிரைவ் காரில் நமக்குக் கண்ணில் படுவது டேஷ்போர்டில் இருக்கிற திருகு ஒன்றுதான். டூ வீல், ஆட்டோ, லாக் என்று மூன்று நிலை. கண்ணில் படாத வேலையெல்லாம் வண்டிக்கு அடியில் நடக்கிறது. கியர் பாக்ஸை ஒட்டி ஒரு டிரான்ஸ்ஃபர் பெட்டி. அதிலிருந்து பின்பக்கம் போகிற நீளமான புரொபெல்லர் ஷாஃப்ட். பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் மின்காந்தத்தால் இயங்குகிற ஒரு கப்ளிங். சாதாரண சாலையில் முன் சக்கரங்கள்தான் இழுக்கும். ஏரிக்கரைச் சேற்றில் முன் சக்கரம் வழுக்கினால் கப்ளிங்குக்குள் இருக்கிற தட்டுகள் இறுகி, சக்தியில் பாதி வரைக்கும் பின்னால் போகும். ஆண்டில் பத்து நாள்கூட அதற்கு வேலை இருக்காது. அதனாலேயே அதை மறந்துவிடுகிறோம். எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட டிரான்ஸ்ஃபர் பெட்டியிலும் பின் டிஃபரன்ஷியலிலும் தனித்தனியாக ஆயில் இருக்கிறது என்பதை நினைப்பதில்லை. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் வாங்கிய நாளில் இருந்த ஆயிலே இன்னும் இருந்தால், அது கறுத்து, இரும்புத் துகள் கலந்து கிடக்கும்.

2015 டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, மறைமலை நகர் என்று கார் தொழிற்சாலைகளே உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது. அப்படிப்பட்ட நாட்களில் உயரமான வண்டி வைத்திருக்கிறவர்கள் தண்ணீரில் இறங்கிப் பிறருக்கு உதவினார்கள். ஆண்டவர் அதைக் கணக்கில் வைத்திருப்பார். ஆனால் ஓடிச் சூடேறிய டிஃபரன்ஷியல் திடீரெனக் குளிர்ந்த தண்ணீரில் முங்கும்போது உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. வண்டி ஓடும், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடும். உள்ளே ஆயில் வெளுத்துக் கலங்கி, பேரிங்கைத் துருப்பிடிக்க வைத்துக்கொண்டிருக்கும். ஆகவே ஆழமான தண்ணீரில் போய் வந்தால் அந்த வாரமே வடிக்கும் திருகைக் கழற்றி ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். கலங்கியிருந்தால் முழுதும் வடித்து, கையேட்டில் எழுதியிருக்கிற அதே வகை ஆயிலை ஊற்றுங்கள். நிரப்பும் திருகை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே வடிக்கும் திருகைக் கழற்றுங்கள். துருப்பிடித்த மேல்திருகு திறக்காமல் போனால், வடித்துவிட்ட பெட்டியை மறுபடி நிரப்ப வழியிருக்காது.

தவக்காலத்தில் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லுவேன். ஓடிக்கொண்டிருக்கிறது என்பது நன்றாயிருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. வெளியே வேலைக்குப் போகிறோம், கோவிலுக்கு வருகிறோம், சிரித்துப் பேசுகிறோம். அண்ணன் தம்பிக்குள் ஆறு ஆண்டாகப் பேச்சு இல்லை. யாரும் அந்தத் திருகைத் திறந்து பார்க்கவில்லை.

அடுத்து டயர். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம்மில் பலர் பணத்தை மிச்சப்படுத்த எண்ணி இங்கேதான் செலவை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். சாதாரண காரில் இரண்டு டயர் தேய்ந்தால் இரண்டை மாற்றிவிட்டுப் போகலாம். நான்கு சக்கரமும் ஒன்றோடொன்று இணைந்த வண்டியில் அப்படிச் செய்தால், புது டயரின் சுற்றளவும் தேய்ந்த டயரின் சுற்றளவும் வேறுபடும். அதனால் முன்னச்சும் பின்னச்சும் வேறுவேறு வேகத்தில் சுற்றும். அந்த வேறுபாட்டை நடுவில் இருக்கிற கப்ளிங் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் தாங்க வேண்டியிருக்கும். தட்டுகள் வழுக்கிச் சூடாகும். நாளடைவில் எரியும். டயரில் மிச்சம் பிடித்த பணத்தைப்போல் பல மடங்கு அங்கே போய்விடும். ஆகவே நான்கும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறத்தாழ ஒரே தேய்மானமாக இருக்கட்டும். சொன்ன தூரத்துக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுங்கள். நான்கிலும் காற்றழுத்தம் கையேட்டின்படி இருக்கட்டும். தார்ச் சாலையில் லாக்கில் வைத்து ஓட்டாதீர்கள். வண்டி நின்றுபோய் இழுத்துச் செல்ல வேண்டிவந்தால், இரண்டு சக்கரத்தைத் தூக்கி இரண்டைத் தரையில் உருட்டவிடாமல், நான்கையும் ஏற்றுகிற வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஓர் உறுப்பு வருந்தினால் மற்ற உறுப்புகளும் உடன் வருந்துகின்றன என்று பவுலடிகளார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 12-ஆம் அதிகாரத்தில் கற்பிக்கிறார். ஒரு பங்கில் நாலு அன்பியம் நன்றாக நடந்து ஒன்று மட்டும் ஒதுங்கிப்போனால், அந்த இழுவை எல்லாருக்கும் நடுவில் இருக்கிறவர்கள் மேல்தான் விழுகிறது. நம் பங்கில் அது யார் மேல் விழுந்துகொண்டிருக்கிறது என்று பங்குப்பேரவை உறுப்பினர்களுக்குத் தெரியும்.

இனி டைமிங் பெல்ட். டஸ்டரின் டீசல் எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதாமல் இருப்பதே இந்த ரப்பர் பட்டையால்தான். மற்ற பாகங்கள் சத்தம் போட்டு எச்சரிக்கும். புஷ் தேய்ந்தால் தட்டும், பேரிங் போனால் ஊளையிடும், கிளட்ச் போனால் வழுக்கும். டைமிங் பெல்ட் பெரும்பாலும் எச்சரிக்காது. அறுந்த நொடியில் பிஸ்டன் வால்வைத் தாக்கும். எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். அதனால்தான் அதற்குக் கிலோமீட்டர் கணக்கோடு ஆண்டுக் கணக்கும் வைத்திருக்கிறார்கள். இரண்டில் எது முதலில் வருகிறதோ அன்று மாற்ற வேண்டும். பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்கியவர்கள், முந்தைய உரிமையாளர் மாற்றியதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் அதோடு சேர்த்து மாற்றுவது நல்லது. இந்த வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். கிராங்கையும் கேமையும் பூட்டி நிறுத்துகிற தனிக் கருவிகள் வேண்டும், பழகிய கை வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை நிறைய உண்டு. எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டரில் தேங்குகிற தண்ணீரை வடிப்பது, கூலண்ட் அளவு பார்ப்பது, பேட்டரி முனையில் பூக்கிற வெள்ளையைத் துடைப்பது, பிரேக் பேடின் கனம் பார்ப்பது. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். நாசரேத்தில் ஒரு தச்சர் தம் மகனை அப்படித்தான் வளர்த்தார். ஒரு நோட்டு வாங்கித் தேதி, கிலோமீட்டர், செய்த வேலை மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளும் இதைக் கற்றுக்கொள்ளட்டும். ஸ்பானருக்கு ஆண் பெண் தெரியாது.

ஆனால் வண்டிக்கு அடியில் போகிறவர்கள் ஒன்றைக் கேளுங்கள். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. ஜாக்கியை நம்பி யாரும் உடம்பைக் கீழே நுழைக்கக் கூடாது. சமமான கெட்டித் தரை, தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, வண்டிக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு, இந்த மூன்றும் இல்லாமல் செங்கல்லை அடுக்கி வைத்துவிட்டுப் படுக்காதீர்கள். செங்கல் நொறுங்கும்போது சொல்லிவிட்டு நொறுங்காது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் இன்னொரு ஆபத்து: ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்து எஞ்சினை ஓட்டிக் கியர் போட்டால், தரையில் இருக்கிற சக்கரம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இழுத்துக்கொண்டு ஓடிவிடும்.

இங்கேதான் இன்றைய நற்செய்தியின் முதல் பாதி நம்மை நிறுத்துகிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லவே இல்லை என்கிறார் இயேசு. பிறகு கேட்கிறவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனம் மாறுங்கள் என்கிறார். சாலை விபத்து நடந்த வீட்டில் துக்கம் கேட்கப் போகிற நாம் என்ன சொல்கிறோம்? விதி என்கிறோம், கடவுள் சித்தம் என்கிறோம். சில சமயம் அந்த வீட்டின் பாவத்தையும் தேடுகிறோம். இறந்தவர்களைக் குற்றம் சொல்லும் பேச்சை ஆண்டவர் அன்றே நிறுத்திவிட்டார். தேய்ந்த டயரோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை விரட்டிவிட்டு, நடந்ததைக் கடவுள்மேல் போடுவதற்கு நமக்கு உரிமை கிடையாது. பிரேக்கைப் பார்ப்பது மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. புது வீடு கட்டுகிறவர் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் அங்கிருந்து விழுகிறவரின் இரத்தப் பழி அந்த வீட்டின்மேல் வரும். என் வீடு, என் மாடி, என் இஷ்டம் என்று சொல்ல முடியாது. அதேதான் இங்கும். நான்கு சக்கர இழுவை வண்டியைச் சேற்றிலிருந்து கிளப்பும், நிறுத்துவதற்கு உதவாது. ஈரச் சாலையில் நிறுத்துவது டயரும் பிரேக்கும்தான். டயரின் பள்ளங்களுக்குள் ஒரு மேடு வைத்திருக்கிறார்கள், 1.6 மில்லிமீட்டர் உயரம். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் சட்டப்படியே அந்த டயரின் ஆயுள் முடிந்தது.

அலங்கார மாற்றங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய வண்டிக்கு ரிவர்ஸ் கேமரா வையுங்கள், நல்ல இருக்கை உறை போடுங்கள், தேய்ந்த ஷாக்குக்குப் பதில் தரமானதை மாட்டுங்கள். நல்லது. ஆனால் ஹாலோஜனுக்காகச் செய்த விளக்குக் கிண்ணத்தில் பளீரென்ற எல்.இ.டி. பல்பைச் செருகினால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவரின் கண்ணைக் குருடாக்கும். செவிலிமேடு பாலத்தில் இரவில் சைக்கிளில் வருகிற ஒரு நெசவாளியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இரும்புக் கம்பிக் காவல் மாட்டுவதை மத்திய அரசு 2017-இல் தடுத்தது; மோதப்படுகிற மனிதருக்கு அது மேலும் கொடியது, உள்ளே இருக்கிறவருக்கு ஏர் பேக் திறப்பதையும் கெடுக்கலாம். வண்டியின் அடிப்படை அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் அனுமதிப்பதில்லை. இவற்றையெல்லாம் போலீஸ் பிடிக்குமா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

மெக்கானிக்கைப் பற்றிப் பேசாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஷோரூமில் கார் வாங்கும்போது லட்சக் கணக்கில் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, வெயிலில் தரையில் படுத்து புஷ் மாற்றித் தருகிறவரிடம் நூறு ரூபாய்க்கு அரைமணி நேரம் நிற்கிறோம். “அப்புறம் தரேன் அண்ணே” என்று சாவியை வாங்கிக்கொண்டு வருகிறோம். அதே இணைச்சட்டம் 24-ஆம் அதிகாரம், கூலியாளின் கூலியை அன்று பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடச் சொல்கிறது. அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. அந்தப் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற பையனைக் கண்டால், அவன் பள்ளிக்குப் போகிறானா என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் போய்விடாமல், போகவில்லையென்றால் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

விற்க முடிவு செய்தவர்களுக்கு 25-ஆம் அதிகாரம். பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு எடைக்கல் வைத்திருக்கக் கூடாது என்று அங்கே தடை இருக்கிறது. மீட்டரைத் திருப்பி வைத்துக் கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவது அந்த இரண்டாவது எடைக்கல்தான். வாங்குகிறவர் அந்தப் பொய்யான எண்ணை நம்பி டைமிங் பெல்ட்டை மாற்றாமல் ஓட்டுவார். வெள்ளத்தில் முங்கிய வண்டியென்றால் முங்கியது என்று சொல்லி விற்றுவிடுங்கள். விலை குறையும், குறையட்டும்.

வீட்டில் ஆயில் மாற்றுகிறவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வடித்த கறுப்பு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றிவிடுகிறார்கள். அந்தச் சாக்கடை வேகவதிக்குப் போகிறது, வேகவதி பாலாற்றைச் சேர்கிறது, அதே பாலாற்று மணலுக்கு அடியிலிருந்து நமக்குக் குடிநீர் வருகிறது. பயன்படுத்திய ஆயிலை 2016-ஆம் ஆண்டின் விதிகள் அபாயகரமான கழிவாகவே வகைப்படுத்துகின்றன. பழைய பேட்டரியைப் புதுசு வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும். தோட்டக்காரர் மரத்துக்கு எரு இட்டார். நாம் பக்கத்து நிலத்தில் நஞ்சை இட்டுவிட்டு நம் மரத்தைக் காப்பாற்றியதாக நினைக்கக் கூடாது.

தோட்டக்காரரின் வாக்கியத்துக்கு இரண்டாம் பாதி உண்டு. அப்போதும் காய்க்காவிட்டால் வெட்டிவிடலாம் என்று அவரே சொல்கிறார். எவ்வளவு நேர்மையான மனிதர்! தவணைக்கு ஒரு முடிவு வைக்கிறார். பதிவுச் சான்றுக்குப் பதினைந்து ஆண்டு. 2014-இல் பதிந்த டஸ்டருக்கு 2029-இல் தகுதி பார்த்துத்தான் புதுப்பிப்பார்கள். அந்த நாள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடிச்சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், மோதலில் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் பலம் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது பாசத்துக்காக வைத்திருக்காதீர்கள். அரசு பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்குங்கள். பதிவை நீக்கச் சொல்லுங்கள். வேறு யார் தலையிலும் கட்டாதீர்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது வெட்டவும் மனமில்லாமல், கொத்தவும் மனமில்லாமல் வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்திருக்கிற வண்டிகள். ஓராண்டு கேட்டுவிட்டோம், மண்வெட்டியை எடுக்கவில்லை. குடியை விட ஓராண்டு கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மனைவியிடம் மன்னிப்புக் கேட்கத் தவணை சொன்னவர்கள் இருக்கிறீர்கள். ஆண்டவர் தவணை தந்துவிட்டார், அதில் ஐயமில்லை. அந்தத் தவணையில் நாம் எந்த மண்ணைக் கிளறினோம் என்று இந்த வாரம் ஒவ்வொருவரும் பெயர் சொல்லிப் பாருங்கள். வெள்ளி மாலை சிலுவைப் பாதைக்குப் பிறகு ஒப்புரவுக்காக நான் உட்கார்ந்திருப்பேன்; கடைசி ஆள் எழுந்து போகும்வரை இருப்பேன்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும், ஒரகடத்தில் வேலை செய்கிற நம் இளைஞர்கள் கோவில் வளாகத்தில் இருப்பார்கள். விடுமுறைக்கு வேளாங்கண்ணிக்கும் அச்சிறுபாக்கம் மழை மலை மாதா திருத்தலத்துக்கும் வண்டியில் போகிறவர்கள் டயரையும் பிரேக்கையும் அவர்களிடம் காட்டிக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2318 என்று இருந்தால் அது 2018-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பரை அவர்கள் மாற்றச் சொல்வார்கள், கோபப்படாதீர்கள். வடித்த ஆயிலை மூடி போட்ட கேனில் கொண்டுவாருங்கள், சேர்த்து உரிய இடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்வோம். இருசக்கர வண்டிக்காரர்களும் வரலாம்.

இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.